பூனைக்குக் குடல் ஸ்கேன்: புதிதாகப் புரோப் பிடிக்கும் கால்நடை மருத்துவர்களுக்கு

பூனை வாந்தி எடுத்தால் 'முடி உருண்டைதான், சரியாகிவிடும்' என்று சொல்லி அனுப்புவது நம் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம். ஆனால் பத்து வயதுப் பூனை ஒன்று வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வாந்தி எடுக்கிறது, ஆறு மாதத்தில் ஐந்து கிலோவிலிருந்து நாலு கிலோவுக்கு இறங்கிவிட்டது, பசி மட்டும் குறையவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூனையின் கதையை முடியின் தலையில் கட்ட முடியாது. தைராய்டா, சிறுநீரகமா, கணையமா, குடலா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதல் மூன்றைப் பற்றி ரத்தப் பரிசோதனை ஓரளவு பேசிவிடும். குடலைப் பற்றிப் பேச, கத்தி வைக்காமல் நம்மிடம் இருக்கும் நல்ல வழி அல்ட்ராசவுண்ட்தான்.

மாட்டுக்குச் சினை பார்த்துப் பழகிய கை பூனையின் வயிற்றுக்கு வந்ததும் தடுமாறும். அங்கே சென்டிமீட்டரில் பார்த்ததை இங்கே மில்லிமீட்டரில் ஒரு பங்காகப் பார்க்க வேண்டும். தொடங்கும் முன் ஒரு விஷயத்தில் தெளிவாக இருங்கள்: குடலில் எந்த இடம் கெட்டிருக்கிறது, எந்த அடுக்கு, எவ்வளவு நீளத்துக்கு என்பதை ஸ்கேன் சொல்லும். வியாதிக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் அதன் வேலை இல்லை. புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல், படத்தைப் பார்த்த கையோடு பெயரைச் சொல்லிவிடும் அவசரத்தால் வருபவை.

கருவி

உடல் திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. வயிற்றின் மேல் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவிதான் புரோப். 5 மெகாஹெர்ட்ஸ் புரோபில் அலையின் நீளம் 0.3 மி.மீ. வரும். பூனைக் குடலின் தசையடுக்கே ஏறக்குறைய அந்தக் கனம்தான். அலை நீளமும் பார்க்க வேண்டிய பொருளும் ஒரே அளவாக இருந்தால் அடுக்குகள் எப்படிப் பிரிந்து தெரியும்? அதனால்தான் பெரிய நாய்களுக்கு வைத்திருக்கும் குறைந்த அதிர்வெண் புரோபில் பூனைக் குடல் சாம்பல் நிறக் குழாய் போல மங்கித் தெரிகிறது. 7.5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் குடலுக்கு எடுக்கவே வேண்டாம். 10 முதல் 15 வரை போகும், தட்டை முகப்புள்ள லீனியர் புரோப் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. பூனையின் வயிற்றுச் சுவர் மெல்லியது, குடல் தோலிலிருந்து ஓரிரு சென்டிமீட்டரிலேயே கிடக்கும். ஆழம் ஊடுருவாது என்ற கவலை பருத்த பூனைகளில்தான் வரும். விலா எலும்புக்கு அடியில் ஒளியும் இரைப்பைக்கும் முன்சிறுகுடலின் தொடக்கத்துக்கும் சிறிய வளைந்த முகப்புள்ள மைக்ரோகான்வெக்ஸ் புரோப் வசதி.

ஆழத்தை மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குக் குறையுங்கள். ஃபோகஸைக் குடல் இருக்கும் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கெயினை, அதாவது படத்தின் பிரகாசத்தை, கூட்டிக் கூட்டிப் படத்தை வெளுக்கடிப்பது எல்லாருக்கும் வரும் ஆரம்பப் பழக்கம். அறை விளக்கை அணைத்தாலே அது பாதி குறையும்.

இன்னும் கருவி வாங்கவில்லை என்றால் ஒரு சொல்: கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவில் ஸ்கேன் கருவிகளின் விற்பனை கண்காணிப்பில் இருக்கிறது. விலங்குகளுக்குத்தானே என்று இருந்துவிடாதீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் மாவட்ட அளவில் உரிய அதிகாரிகளிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பூனையைத் தயார்செய்தல்

வளர்ந்த பூனைக்கு எட்டு மணி நேரம் உணவு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். 'நேற்றுக் காலையிலிருந்தே எதுவும் தரவில்லை டாக்டர்' என்று பெருமையாகச் சொல்வார்கள். அது நல்லதல்ல. பருத்த பூனை நாள்கணக்கில் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறிப் படுத்துவிடும். குட்டிகளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். அடைப்பு இருக்குமோ என்ற சந்தேகத்தோடு வரும் பூனைக்குப் பட்டினிக் கணக்கே கிடையாது, வந்தவுடன் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேவும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். ஜெல்லில் நனைந்த முடி எக்ஸ்ரேயில் கோடு கோடாக விழுந்து வீண் குழப்பம் தரும்.

அடுத்தது முடி மழித்தல். உரிமையாளரிடம் முன்பே சொல்லாமல் மழித்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. சயாமீஸ் மாதிரி முகமும் வாலும் கறுத்த இனங்களில் நிறம் தோலின் வெப்பத்தைப் பொறுத்தது. மழித்த இடம் குளிர்ந்திருப்பதால் அங்கே முளைக்கும் முடி சில மாதங்களுக்குக் கறுப்பாக வரலாம். இதை முன்னால் சொன்னால் தகவல், பின்னால் சொன்னால் சமாளிப்பு. மழிக்கவே கூடாது என்று பிடிவாதமாக இருப்பவர்களின் பூனைக்கு ஸ்பிரிட்டால் முடியை நனைத்து வகிடெடுத்து ஜெல் போட்டுப் பார்க்கலாம். படம் ஒரு படி தாழ்ந்துதான் வரும். சில புரோப்களின் முகப்பு ஸ்பிரிட் பட்டால் கெட்டுவிடும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயந்த பூனையை நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து எடுக்கும் ஸ்கேனால் யாருக்கும் பயன் இல்லை. வயிறு இறுகிவிடும், மூச்சு வாங்கும், படம் ஆடும். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன், ஸ்கேனுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், பதற்றம் தணிக்கும் கபாபென்டின் மருந்தைக் கொடுத்து வரச்சொல்வது என் வழக்கம். நடுத்தர எடைப் பூனைக்கு 100 மில்லிகிராம், சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் அதில் பாதி. உரிமையாளர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் மருத்துவர் சொல்லும் அளவுதான் உங்கள் பூனைக்கு, இந்த எண் அல்ல. இதுவும் போதாத பூனைக்கு பியூட்டார்ஃபனால் ஊசி. மயக்கத்துக்கு முன் இதயத்தை ஒரு தடவை நன்றாகக் கேளுங்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இதயச் சுவர் தடித்திருக்கும் பூனைகள் நிறைய. வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கினால் புரோபைக் கீழே வைத்துவிடுங்கள், ஸ்கேனை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மல்லாத்திப் படுக்கவைத்தால் எல்லாம் வசதியாகத் தெரியும். அதற்குச் சம்மதிக்காத பூனையை ஒருக்களித்துப் படுக்கவைத்தே முழு வயிற்றையும் பார்க்கலாம். ஜெல்லை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுங்கள், பாதி சண்டை குறையும்.

ஐந்து கோடுகள்

இனி இந்தக் கட்டுரையின் உயிரான பகுதி. குடல் சுவர் ஸ்கேனில் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி ஐந்து கோடுகளாகத் தெரியும். உள்ளிருந்து வெளியே வாருங்கள். குடலின் உள்வெளியும் சுவரும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. அதற்கடுத்து மியூகோசா என்னும் சளிப்படலம், கறுப்பு, ஐந்தில் மிகத் தடித்தது. அப்புறம் சப்மியூகோசா, வெள்ளை. அதற்கு வெளியே மஸ்குலாரிஸ் என்னும் தசையடுக்கு, மெல்லிய கறுப்பு. கடைசியில் சீரோசா என்னும் வெளியுறை, வெள்ளை.

பார்த்தவுடன் இந்த வரிசை உங்கள் வாயில் வர வேண்டும். வெள்ளை, தடித்த கறுப்பு, வெள்ளை, மெல்லிய கறுப்பு, வெள்ளை. பூனைக் குடல் வியாதிகளில் பாதி, இந்த இரண்டு கறுப்புக் கோடுகளில் எது எவ்வளவு தடித்திருக்கிறது என்ற கேள்விக்குள் அடங்கிவிடும்.

சுவரின் மொத்தக் கனம் ஆரோக்கியமான பூனைக்கு முன்சிறுகுடலிலும் நடுச்சிறுகுடலிலும் 2 முதல் 2.5 மி.மீ. இருக்கும். கடைச்சிறுகுடலான இலியம் 2.5 முதல் 3.2 வரை போகும். பெருங்குடல் மிக மெல்லியது, 2 மி.மீ.க்கும் கீழே. இரைப்பையை மடிப்புகளுக்கு இடையில் அளந்தால் 2 மி.மீ. அளவில் இருக்கும், மடிப்பின் மேலேயே அளந்தால் 4 மி.மீ.யைத் தாண்டிவிடும். பருத்த பூனைகளின் இரைப்பையில் சப்மியூகோசாவில் கொழுப்பு சேர்ந்து வெள்ளை வளையம் அகலமாகத் தெரியும். அது வியாதி அல்ல.

இலியத்தைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். தொழிலுக்கு வந்த முதல் வருடம், கருத்தடை அறுவைக்கு வந்த ஆரோக்கியமான பூனை ஒன்றை, கை பழகட்டுமே என்று ஸ்கேன் செய்தேன். வலப்பக்கத்தில் ஒரு வளையம், சுவர் 3 மி.மீ., தசையடுக்கு பளிச்சென்று தடித்துத் தெரிகிறது. புற்றாக இருக்கலாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் தூங்கவில்லை. மூத்த மருத்துவர் ஒருவர் மறுபடி புரோபை வைத்து, அந்த வளையத்தைத் தொடர்ந்துபோய், அது பெருங்குடலில் போய்ச் சேர்வதைக் காட்டினார். நான் பார்த்தது சாதாரண இலியம். அதன் சப்மியூகோசாவும் தசையும் இயல்பாகவே தடித்தவை, குறுக்குவெட்டில் வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள் போலத் தெரியும். ஆகவே ஒரு வளையத்தை அளப்பதற்கு முன் அது குடலின் எந்தப் பகுதி என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

சுற்றிவரும் வழி

ஒவ்வொரு பூனைக்கும் ஒரே வரிசை. வாந்தி என்று வந்தாலும் பேதி என்று வந்தாலும் அதே வரிசை. கண்ணில் பட்டதை எல்லாம் துரத்திக்கொண்டு போனால் பார்க்காமல் விட்ட இடம் எது என்றே தெரியாமல் போகும். திரையில் தலைப்பக்கம் இடதுபுறம் வரும்படி புரோபின் குறியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குறுக்குவெட்டில் பூனையின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கம்.

நெஞ்செலும்பின் நுனிக்குக் கீழே தொடங்கினால் கல்லீரலுக்குப் பின்னால் இரைப்பை கிடைக்கும். அதை வலமாகத் தொடர்ந்து அதன் வாயிலுக்கு, பைலோரஸுக்கு வாருங்கள். நாயில் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வலப்பக்க விலாவுக்குள் தேடுவார்கள். பூனைக்கு அது ஏறக்குறைய நடுக்கோட்டிலேயே இருக்கும். அங்கிருந்து முன்சிறுகுடல் வளைந்து வலப்பக்கச் சுவரை ஒட்டி நேராகப் பின்னோக்கி ஓடும், வலச் சிறுநீரகம் அதற்கு அடியில் தெரியும். பூனையில் பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேர்ந்து ஒரே இடத்தில் இந்தக் குடலுக்குள் திறக்கின்றன. குடல் அழற்சி, கணைய அழற்சி, பித்தப்பாதை அழற்சி மூன்றும் ஒரே பூனைக்குச் சேர்ந்து வருவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே முன்சிறுகுடலைப் பார்க்கும்போதே பக்கத்தில் கணையத்தையும் பார்த்துவிடுங்கள். பித்தக்குழாய் 4 மி.மீ.யைத் தாண்டி விரிந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

நடுச்சிறுகுடல் நீளமானது, சுருண்டு கிடப்பது. அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர முடியாது, முயலவும் வேண்டாம். வயலுக்கு ஏர் ஓட்டுகிற மாதிரி வயிற்றின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை மேலும் கீழுமாகச் சால் சாலாகப் புரோபை ஓட்டுங்கள். ஒரு சால் முந்தையதன் மேல் கொஞ்சம் ஏறியே வரட்டும். பிறகு இதையே புரோபை 90 பாகை திருப்பி இன்னொரு முறை.

இலியத்தைப் பிடிக்க எனக்கு வசப்பட்ட வழி பின்னாலிருந்து வருவது. மூத்திரப்பையைக் கண்டுபிடியுங்கள், எல்லாருக்கும் அது தெரியும். அதற்கு மேலே முதுகுப்பக்கமாக, உள்ளே மலத்தின் பளிச்சென்ற விளிம்பும் அதன் பின்னால் நிழலுமாகக் கிடப்பது பெருங்குடல். அதை விடாமல் பிடித்துக்கொண்டு முன்னே போங்கள். இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே திரும்பி வலப்பக்கம் இறங்கும். அது முடியும் இடத்தில், வலச் சிறுநீரகத்துக்கு உள்பக்கமாக, வண்டிச்சக்கரம் வந்து சேரும். அதுதான் இலியம். பூனைக் குடலின் கெட்ட சமாச்சாரங்கள் விரும்பிக் குடியேறும் சந்தி இது. அதைக் காணாமல் ஸ்கேனை முடிக்காதீர்கள்.

சந்தியைச் சுற்றியும், வயிற்றின் நடுவே குடலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டியும் நிணநீர்க் கணுக்கள் இருக்கும். நீண்டு, தட்டையாக, சுற்றியுள்ள கொழுப்பின் சாயலிலேயே இருந்தால் நிம்மதி. கனம் 5 மி.மீ.யைத் தாண்டி, உருண்டு, கறுத்திருந்தால் கேள்வி. குட்டிகளுக்கு இயல்பாகவே கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

இடையிடையே ஒரு வளையத்தின் மேல் புரோபை அசைக்காமல் வைத்துக் குடலின் அசைவைப் பாருங்கள். நடுச்சிறுகுடலில் நிமிடத்துக்கு ஒன்று முதல் மூன்று அலைகள் வரும், இரைப்பையில் அதைவிடக் கூடுதல். மயக்க மருந்து கொடுத்த பூனையில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

வாயு இருந்தால் ஒலி அதைத் தாண்டாது. பளிச்சென்று ஒரு கோடும் அதற்குக் கீழே அழுக்கான நிழலும் மட்டும் வரும். எரிச்சல்பட்டு அழுத்த வேண்டாம். மெதுவாக ஒரு அழுத்தம், கொஞ்சம் சாய்ப்பு, அப்புறம் ஒரு நிமிடக் காத்திருப்பு. வாயு நகர்ந்துவிடும். நகராவிட்டால் பூனையைத் திருப்பிப் படுக்கவைத்து அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள், காற்று மேலே ஏறியிருக்கும்.

அளப்பது

குடல் நீளவாக்கில் தெரியும்படி வைத்து, புரோபுக்கு அருகிலுள்ள சுவரை அளங்கள். வெளி வெள்ளைக் கோட்டின் வெளிவிளிம்பில் ஒரு புள்ளி, உள் வெள்ளைக் கோட்டின் உள்விளிம்பில் மறு புள்ளி, இரண்டுக்கும் நடுவே செங்குத்தான கோடு. சாய்த்து அளந்தால் எந்தக் குடலும் தடித்துவிடும், வெங்காயத்தைச் சரிவாக நறுக்கினால் அடுக்கு அகலமாகத் தெரிகிறதே, அதே கதைதான். சுருங்கிக்கொண்டிருக்கும் கணத்தில் அளக்காதீர்கள். வீடியோவாகப் பதிந்து, விரிந்த நிலையில் நிறுத்தி அளப்பது நல்லது. ஒரே இடத்தில் ஒரு தடவை எடுத்த அளவை எண்ணாகவே நான் மதிப்பதில்லை. மூன்று வெவ்வேறு வளையங்களில் எடுத்தால்தான் பேச்சு.

மொத்தக் கனத்தோடு நின்றுவிடாமல் தசையடுக்கைத் தனியாக அளங்கள். மொத்தம் 2.4 மி.மீ. என்று இயல்புக்குள் இருந்துகொண்டே உள்ளே தசை மட்டும் இரட்டிப்பாகியிருக்கலாம். எளிய ஒப்பீடு ஒன்று: நடுச்சிறுகுடலில் தசைக் கோடு அதன் பக்கத்திலுள்ள வெள்ளைச் சப்மியூகோசாவை விடத் தடித்திருக்கக் கூடாது. தடித்திருந்தால் அந்தக் குடலில் ஏதோ இருக்கிறது.

தசை தடித்திருந்தால்

நீங்கள் அதிகம் பார்க்கப்போவதும், அதிகம் தடுமாறப்போவதும் இதில்தான். வயதான பூனை, மெலிவு, நாள்பட்ட வாந்தி. ஸ்கேனில் அடுக்குகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன, தசை மட்டும் நீள நெடுக தடித்திருக்கிறது. இது ஐபிடி எனப்படும் நாள்பட்ட குடல் அழற்சியாக இருக்கலாம். மெதுவாக வளரும் சிறுசெல் லிம்போமா என்னும் புற்றாகவும் இருக்கலாம். ஸ்கேனில் இரண்டுக்கும் ஒரே முகம். வயது கூடக்கூட, கணுக்கள் பெருக்கப் பெருக்க லிம்போமாவின் பக்கம் தராசு சாயும். ஆனால் சாய்வது வேறு, தீர்ப்பு வேறு. உணவு ஒவ்வாமை, ஒட்டுண்ணிகள், ஏன், கீழே நாள்பட்ட பாதி அடைப்பு இருந்தால் அதற்கு மேலே உள்ள குடல் தள்ளித் தள்ளித் தசை பெருத்தும் இதே படத்தைத் தரலாம்.

வேறுபடுத்த வேண்டுமென்றால் திசு எடுக்க வேண்டும். இங்கேதான் ஸ்கேனின் உண்மையான பயன். எண்டோஸ்கோப் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் எட்டும், பின்வழியாகப் போனால் சில சமயம் இலியத்தின் வாசலையும் எட்டும். எடுக்கும் திசு மேலோட்டமானது, சளிப்படலமும் அதற்கடுத்த கொஞ்சமும்தான். கெடுதல் நடுச்சிறுகுடலில் மட்டும் இருக்கிறது என்று உங்கள் ஸ்கேன் சொன்னால் எண்டோஸ்கோப்பில் பணத்தைப் போட்டுப் பயனில்லை, வயிற்றைத் திறந்து முழுக்கனத் திசு எடுப்பதே வழி. முன்சிறுகுடலும் கெட்டிருந்தால் எண்டோஸ்கோப் முதலில். அறுவைக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் எந்தப் பகுதி என்று நீங்கள் எழுதும் ஒரு வரி, அங்கே ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

திசு எடுக்கும் வரை ஸ்டீராய்டு போடாதீர்கள். 'இப்போதைக்கு ஒரு ஊசி' என்று போட்டுவிட்டு அடுத்த மாதம் பயாப்சிக்கு அனுப்பினால், பார்க்க வேண்டிய செல்கள் பாதி ஓடிப்போயிருக்கும். உடல்நிலை தாங்கும் பூனையாக இருந்தால் பூச்சி மருந்தும், இரண்டு வாரம் புரதம் மாற்றிய உணவும், ரத்தத்தில் கோபாலமின் என்னும் பி12 வைட்டமின் குறைந்திருந்தால் அதற்கான ஊசியும் முதலில் நடக்கட்டும். இதிலேயே தேறிவிடும் பூனைகள் கணிசம். சிறுசெல் லிம்போமா என்றே வந்தாலும் பிரெட்னிசோலோனும் குளோராம்பூசிலும் கொடுத்து இரண்டு வருடமும் அதற்கு மேலும் நன்றாக வாழும் பூனைகள் இருக்கின்றன என்பதை உரிமையாளரிடம் சேர்த்தே சொல்லுங்கள். புற்று என்ற சொல்லைக் கேட்டவுடன் அவர்கள் வேறெதையும் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான எச்சரிக்கையும் உண்டு. ஸ்கேன் முழுக்க இயல்பாக இருந்தும் திசுவில் அழற்சி வரும். 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை, குடல் நன்றாக இருக்கிறது' என்று எழுதாதீர்கள். 'ஸ்கேனில் மாற்றம் தெரியவில்லை' என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுக்குகள் அழிந்திருந்தால்

ஐந்து கோடும் கரைந்து, சுவர் ஒரு இடத்தில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கறுத்த கட்டியாக நின்றால் அது கனமான விஷயம். பெருஞ்செல் லிம்போமா இப்படி வரும், பக்கத்துக் கணுக்களும் பெருத்திருக்கும். சுரப்பிச் செல்களில் தொடங்கும் புற்றான அடினோகார்சினோமா குடலை மோதிரம் போல இறுக்கி அடைப்பு உண்டாக்கும். வயதான சயாமீஸ் பூனைகளில் இதைக் கூடுதலாக நினைக்க வேண்டும். மாஸ்ட் செல் கட்டியும் பட்டியலில் உண்டு.

ஆனாலும் பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள். 2009இல்தான் மருத்துவ இதழ்களில் முதலில் விவரிக்கப்பட்ட ஒரு வியாதி இருக்கிறது. ஈசினோஃபில் செல்களும் நார்த்திசுவும் சேர்ந்து கட்டியாகும் அழற்சி. பைலோரஸிலும் இலியச் சந்தியிலும் கெட்டியான கட்டியாக, கணுக்கள் பெருத்து, அச்சு அசலாகப் புற்றைப் போலவே ஸ்கேனில் நிற்கும். அது புற்று அல்ல, ஸ்டீராய்டுக்கு இணங்கும். இளம் பூனையில் இலியச் சந்தியில் கட்டி என்றால் பூனைகளின் கொரோனா வைரஸால் வரும் எஃப்ஐபி என்னும் நோயும் நினைவுக்கு வர வேண்டும். படத்தை மட்டும் நம்பிக் கருணைக்கொலை வரை பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசி நுழைக்கும் அளவுக்குக் கட்டி இருக்கும்போது செல்களைப் பார்க்காமல் எந்த முடிவும் வேண்டாம்.

ஊசி என்றால் 22 முதல் 25 கேஜ். ஸ்கேனில் ஊசி முனையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, குடலின் உள்வெளிக்குள் போகாமல், தடித்த சுவரிலோ பெருத்த கணுவிலோ எடுக்க வேண்டும். அதற்கு முன் ரத்தம் உறையும் திறனைப் பார்த்துவிடுங்கள். இயல்பான கனமுள்ள சுவரில் ஊசி போட வேண்டாம். கை பழகும் வரை கணுவோடு நில்லுங்கள்.

நூல், ரப்பர் பேண்ட், முடி

அவசரமாக வரும் பூனைகளில் இது அதிகம். பூனையின் நாக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் வாயில் போன நூலைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். தையல் நூல், ஊசியோடு சேர்ந்த நூல், மல்லிகைச் சரம் கட்டிய நூல், மாட்டிறைச்சிப் பொட்டலத்தின் கயிறு, இப்படி வீட்டில் கிடக்கும் எதுவும் போகும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ பைலோரஸிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனையைக் குடல் தள்ளத் தள்ள, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவது போலக் குடலே நூலின் மேல் ஏறிச் சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

ஸ்கேனில் நேராக ஓட வேண்டிய முன்சிறுகுடல் அலை அலையாக மடிந்திருக்கும். நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு தொடர்ந்து போகும். இதைப் பார்த்துவிட்டால் புரோபை வைத்துவிட்டு வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடை எலும்புகளுக்கு நடுவே வெளியிலிருந்து கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தினால் நாக்கின் அடிப்புறம் எழும்பித் தெரியும். உண்மையில் வாந்தியோடு வரும் ஒவ்வொரு பூனைக்கும் ஸ்கேனுக்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், உரிமையாளரையும் இழுக்க விடாதீர்கள். ரம்பம் போலக் குடலை அறுத்துவிடும். குடலைச் சுற்றிக் கொழுப்பு பளீரென்று வெளுத்து, பக்கத்தில் நீர் சேர்ந்திருந்தால் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருக்கலாம். உடனே அறுவைதான்.

ரப்பர் பேண்ட் உருண்டை, முடிக்கட்டு, பொம்மைத் துண்டு முதலியவை குடலுக்குள் பளிச்சென்ற வளைந்த விளிம்பாகவும், அதற்குக் கீழே சுத்தமான கறுத்த நிழலாகவும் தெரியும். பொருளைத் தேடுவதைவிட முக்கியம் இரண்டு வகைக் குடலைத் தேடுவது. அடைப்புக்கு மேலே நீர் நிரம்பி விரிந்த குடல், கீழே வெறுமையாகச் சுருங்கிய குடல். நடுச்சிறுகுடலின் மொத்த விட்டம் 12 மி.மீ.யைத் தாண்டினால் அடைப்பை நினைக்க வேண்டும். எல்லாக் குடலும் ஒரே மாதிரி கொஞ்சம் விரிந்திருந்தால் அடைப்பைவிட அழற்சியோ, குடல் அசையாமல் நின்றுவிட்டதோ காரணமாக இருக்கலாம்.

வளையத்துக்குள் வளையமாகப் பல அடுக்குகள் தெரிந்தால் குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கிறது. குட்டிகளில் பூச்சியும் பேதியும் காரணமாகலாம். வயதான பூனையில் செருகலின் தலையில் கட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

தடுப்பூசி போடாத குட்டி, வாந்தி, நீர் நிறைந்து தளர்ந்து கிடக்கும் குடல் என்றால் பார்வோ வகை வைரஸை நினைத்து, அந்தக் குட்டியைக் கடைசியாக ஸ்கேன் செய்யுங்கள். இந்த வைரஸ் ஸ்பிரிட்டுக்குச் சாகாது. மேசை, துண்டு, புரோப், ஜெல் பாட்டிலின் வாய் வரை அதற்கேற்ற கிருமிநாசினியால் துடைக்க வேண்டும்.

கை பழக

கருத்தடைக்கும் பல் சுத்தத்துக்கும் மயக்கத்தில் வரும் ஆரோக்கியமான பூனைகளை, உரிமையாளரின் அனுமதியோடு, ஐந்து நிமிடம் பாருங்கள். அன்றைக்கு ஒரே ஒரு குறிக்கோள் வைத்துக்கொள்ளுங்கள். இன்று இலியச் சந்தி மட்டும். நாளை பைலோரஸ் மட்டும். இருபது இயல்பான பூனைகளைப் பார்த்த பிறகு இருபத்தொன்றாவதில் தசை தடித்திருந்தால், அளவு எடுப்பதற்கு முன்பே கண் நிற்கும்.

ரிப்போர்ட்டில் பார்த்ததை எழுதுங்கள், நினைப்பதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். உதாரணமாக: 'நடுச்சிறுகுடல் சுவர் 2.9 மி.மீ., அடுக்குகள் தெளிவாக உள்ளன, தசையடுக்கு 0.8 மி.மீ., பரவலான மாற்றம். முன்சிறுகுடல் 2.2 மி.மீ., மாற்றம் இல்லை. நடுக்குடல் கணு 7 மி.மீ. கனம். இலியச் சந்தி பார்க்கப்பட்டது, கட்டி இல்லை.' இதற்குக் கீழே தனியாக: 'நாள்பட்ட அழற்சி அல்லது சிறுசெல் லிம்போமா. வேறுபடுத்த நடுச்சிறுகுடலில் முழுக்கனத் திசுப் பரிசோதனை தேவை.' வாயு மறைத்துப் பார்க்க முடியாமல் போன இடத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள். வீடியோக்களைப் பூனையின் பெயர், தேதியோடு சேமித்துவையுங்கள். சிகிச்சைக்குப் பின் மறு ஸ்கேன் எடுக்கும்போது அதே வளையம், அதே ஆழம், அதே புரோப் என்றால்தான் ஒப்பிட முடியும்.

கடைசியாக, வயிற்றில் இருக்கும் ஜெல்லை வெதுவெதுப்பான ஈரத்துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு அனுப்புங்கள். ஸ்பிரிட் போட்டிருந்தால் இரண்டு தடவை. இல்லையென்றால் கூண்டுக்குள் போனதும் பூனை அதை நக்க ஆரம்பித்துவிடும், வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாயில் நுரை தள்ளுகிறது என்று உங்களுக்குப் போன் வரும்.